வெயில் மலிந்தால் வண்டி மலியுமா?

2022 ஜூலையில் படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். காய்ச்சலில் கிடந்த பேரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முச்சக்கர வண்டிக்காரர் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றது, பெற்றோல் இல்லை. ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியிருந்தது. காசு இருந்தாலும் கிடைக்காது. "சண்டைக்குள்ள மண்ணெண்ணெய்க்கு அலைஞ்சம் புள்ள, இப்ப பெற்றோலுக்கு அலையுறம். முந்தி பாதையில ஏறித் துறையைக் கடந்தம், இப்ப பாலம் கிடக்கு, வண்டிதான் ஓடுதில்ல" என்றார். மண்முனைப் பாலம் திறந்தது 2014 இல்.

அந்த நாட்களுக்குப் பிறகு எமது மாதாந்தக் கூட்டங்களில் "கரன்டில் ஓடும் வண்டி" பற்றிய பேச்சு அடிக்கடி எழுகின்றது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால் எமக்கு என்ன நடக்கும்?

இது வெறும் கற்பனையல்ல. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், வீட்டுக் கூரைகளில் சூரியப்படல் பொருத்தியவர்களை, பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் பூட்டியிருந்தன, பாவனை குறைவு, வெயிலோ அதிகம். மின்வழங்கல் சமநிலை குழம்பிவிடும் என்ற பயம். மூன்று வருடத்துக்கு முன் நாளுக்குப் பல மணிநேரம் இருட்டில் இருந்த நாட்டில், மின்சாரம் மிஞ்சிப்போனது! ஆனால் மிஞ்சுவது பகலில். பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் நிலக்கரியும் எண்ணெயும் வேண்டியிருக்கின்றன. பகல் வெயிலைச் சேமித்து வைக்கும் பெட்டியாக வண்டியின் பற்றரி உதவலாம் என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான்.

கணக்கையும் பார்ப்போம். ஒரு மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 3 அலகு போதும். அலகு 50 ரூபா என்று வைத்தாலும் 150 ரூபா. பெற்றோல் ஸ்கூட்டருக்கு இரண்டு லீற்றருக்கு மேல் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்றால் 600 ரூபாவைத் தாண்டும். தையலுக்கும் மீன் வியாபாரத்துக்கும் தினமும் வாவியைக் கடக்கும் பெண்ணுக்கு இது சின்னத் தொகையல்ல.

ஆனால் மலிவது ஓட்டச் செலவுதான். வண்டியின் விலையில் பெரும்பங்கு பற்றரிக்குரியது. சில வருடங்களில் அதன் சக்தி குறையும், மாற்ற வேண்டிவரும். மின்சாரம் இலவசமானாலும் லீசிங் தவணை இலவசமாகாது. நுண்கடனில் பட்ட பாட்டை எமது சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று: எமது மின்பட்டியல் படிப்படியாக ஏறும் கட்டணம் கொண்டது. குறைந்த படியில் இருக்கும் வீடு வண்டிக்கும் சார்ஜ் ஏற்றினால் மேற்படிக்குப் போய்விடும், வீட்டு விளக்குக்கும் கூடுதலாகக் கட்ட நேரிடும்.

இவை எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது பெயர்ப் பிரச்சினை. கூரையில் சூரியப்படல் போட மின்பட்டியல் யார் பெயரில் இருக்கிறதோ அவர் விண்ணப்பிக்க வேண்டும். கடனுக்குப் போனால் காணி உறுதி கேட்கிறார்கள். இரண்டும் கணவர் பெயரில். கணவர் எங்கே என்று தெரியாது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் எத்தனை பேர்! 2016 இல் வந்த சட்டத்தின்படி, இறந்ததாகப் பதியாமல், காணாமல் போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அதைக்கொண்டு சொத்து விடயங்களைக் கவனிக்க வழியுண்டு. இது தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரியுங்கள்.

போன மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: "பகல்லதான் கரன்ட் மிஞ்சுது எண்டுறீங்க மிஸ். பகல்ல நான் தையல் நிலையத்தில நிப்பன். வண்டியும் அங்கதான் நிக்கும். அங்க ஆர் சார்ஜ் ஏத்த விடுவாங்க?" என்னிடம் பதில் இருக்கவில்லை. நிலையத்தின் கூரை தகரம். நல்ல வெயில் படும். அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.