விடை முன்பே எழுதப்படாத ஆய்வுக்கூடக் கையேடு
நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை, ஈ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்க்கும் சோதனை வேதியியல் மாணவர்களுக்குப் பழகியதே எனினும், வரவேண்டிய விடை முன்பே தெரிந்திருந்தால் அது சமையல் குறிப்பைப் பின்பற்றுவதாகவே முடிந்துவிடுகிறது. அதையே செயல்திட்டமாக, அதாவது மாணவர் குழு ஒரு கேள்வியைப் பல வாரங்கள் ஆராயும் பணியாக மாற்றும் கையேடு, எந்தக் கிணறுகளில், எந்தப் பருவத்தில் மாதிரி எடுப்பது என்ற முடிவை மாணவரிடமே விட வேண்டும். ஆனால் அமில காரத்தன்மையை பி.எச். 10 அளவில் நிலைநிறுத்தும் தாங்கல் கரைசலைச் சேர்ப்பதையும், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியின் ஒயின் சிவப்பு முற்றிலும் மறைந்து நீலமாகும் கணத்தில் பியூரெட்டை மூடுவதையும் ஐயமறச் சொல்லியாக வேண்டும். இவற்றையும் மாணவரே கண்டறியட்டும் என்பது வீண் பிடிவாதம். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலையின் ஏற்கத்தக்க வரம்போடு முடிவுகளை ஒப்பிடச் செய்து, முரண்படும் அளவீடுகளுக்குத் தரும் விளக்கத்துக்கே மதிப்பெண்ணில் பெரும்பங்கை ஒதுக்குவது பொருத்தமானது.