திண்டுக்கல் கோட்டையைப் பிடித்த சிப்பாய்க்கு மெடல் இல்லை! அடுத்த போரில் கிடைத்தது வெள்ளீயம்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு லீவு நாளில் ஏறிப் போகிறவர்கள் மதில் சுவரைப் பார்த்துவிட்டு, காற்று வாங்கிவிட்டு இறங்கி விடுகிறார்கள். இந்தக் கோட்டைக்காக வெள்ளைக்காரன் பக்கம் நின்று சண்டை போட்ட நம்மூர் சிப்பாய்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1755-ல் மைசூர் அரசின் படை அதிகாரியாக திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஐதர் அலி. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் சமாதி இருப்பதால்தான் பேகம்பூருக்கு அந்தப் பெயர். ஐதர் அலி மகன் திப்பு சுல்தான் காலத்தில், 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் கம்பெனி படை கோட்டையை முற்றுகையிட்டது. 21-ந்தேதி நடந்த தாக்குதலை உள்ளே இருந்தவர்கள் விரட்டி அடித்தார்கள். ஆனால் மறுநாளே கோட்டை சரண் அடைந்தது. 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனி கைக்குப் போய்விட்டது.

போர் முடிந்ததும் கிழக்கிந்திய கம்பெனி "மைசூர் மெடல்" அடித்தது. சுபேதாருக்கு தங்கம், ஜமேதாருக்கு வெள்ளி, சாதாரண சிப்பாய்க்கு சின்ன வெள்ளி. ஒரு பக்கம் ஆங்கிலக் கொடி பிடித்த சிப்பாய், கவிழ்ந்த பீரங்கி மேல் காலை வைத்து நிற்கிறான். மறுபக்கம் பாரசீக எழுத்து. கயிற்றில் கோர்த்து கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இது வங்காளப் படை ஆட்களுக்குத்தான்! திண்டுக்கல் வெயிலில் பீரங்கி இழுத்த சென்னைப் படை சிப்பாய்க்குக் கிடையாது.

புலியை மிதித்த சிங்கம்

1799 மே 4-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். இந்த முறை சென்னைப் படைக்கும் மெடல் உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் சோகோ மின்ட்டில் அடித்தார்கள். வடிவமைத்தவர் கூக்லர் என்ற சிற்பி. திப்புவின் சின்னமான புலியை பிரிட்டிஷ் சிங்கம் அமுக்குவது போல படம்.

இதிலும் ஆளுக்கேற்ற உலோகம்தான். பெரிய தளபதிகளுக்கு தங்கம், அடுத்தவர்களுக்கு தங்கமுலாம், அதற்குக் கீழே வெள்ளி, அப்புறம் வெண்கலம். கடைசியில் நிற்கிற சிப்பாய்க்கு வெள்ளீயம்! பித்தளை அண்டாவுக்குள்ளே பூசுவாங்களே, அதே சாமான்தான். வெள்ளைக்கார சோல்ஜருக்கும் அதேதான் என்பது ஒரு ஆறுதல். மெடலில் பெயரும் பொறிக்கவில்லை, மாட்ட வளையமும் இல்லை. வேண்டுமென்றால் சொந்தச் செலவில் செய்து கொள்ள வேண்டியதுதான். அதுவும் போர் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

பார்ப்பதற்கு மங்கலான ஈய வில்லை போல இருப்பதால், பழைய டிரங்கு பெட்டியில் இருந்தால்கூட காயலான் கடைக்குப் போட்டுவிடுகிற சாமான் இது. பிற்காலத்தில் அடித்த நகல்களும் இருப்பதால் எடுத்ததும் நம்பிவிடவும் முடியாது. சிங்கம், புலி படம் தெரிந்தால் தேய்த்து பளபளப்பாக்காமல் அருங்காட்சியகத்தில் காட்டலாம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட மெடல், நாணயங்களை தனி ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போட்டிருக்கிறது.