இணையக் கடலில் நாம் இடும் அடையாளம்

கடலின்மேல் கோடு கிழித்து வைக்க எவராலும் இயலாது. ஆயினும், ஒருமுறை மீன் கிடைத்த இடத்திற்கே மறுமுறையும் சென்றடைய நம் முத்துக்குளித்துறை மக்கள் வழி கண்டிருந்தனர். கரையில் தோன்றும் கோவில் கோபுரத்தையும், அதன் பின்னே உயர்ந்து நிற்கும் பனையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பர். வேறொரு திசையிலும் இவ்வாறே இரண்டு அடையாளங்களைப் பொருத்துவர். அவ்விரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில்தான் அவர்கள் தேடும் ‘பார்’ இருக்கும். மீனும் முத்துச் சிப்பியும் தங்கும் கடலடிப் பாறைத்திட்டே பார் எனப்படுவது. தந்தை மகனுக்குச் சொல்லி வைத்ததால் அந்த அடையாளங்கள் அழியாமல் நின்றன.

இன்று நம் இல்லங்களுக்குள் புகுந்துள்ள இணையமும் ஒரு கடலே. நேற்றுப் படித்த நல்ல கட்டுரையை இன்று தேடினால் அகப்படுவதில்லை. நூலில் நாடா வைப்பதுபோல, இணையப் பக்கத்தின் முகவரியைக் குறித்து வைப்பதைப் ‘புக்மார்க்’ என்கிறோம். தமிழில் பக்கக்குறி எனலாம். அக்குறிகளை ஒருவர் தம் கருவிக்குள் பூட்டி வைக்காமல், பொதுவான ஓரிடத்தில் சேர்த்து, பிறரும் கண்டு பயன்பெறச் செய்வதே சமூகப் பக்கக்குறி முறை. ஒவ்வொரு பக்கத்திற்கும் நாம் விரும்பும் குறிச்சொற்களை இடலாம். ‘சங்கு’ என்ற சொல்லைத் தொட்டால், சங்கு பற்றிப் பலரும் சேர்த்த பக்கங்கள் யாவும் ஒருங்கே வந்து நிற்கும். 2003இல் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ‘டெலிஷியஸ்’ என்னும் சேவையே இம்முறையைப் பரவச் செய்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூலகம் தன் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இத்தகைய ஏற்பாடொன்றைத் தானே அமைத்து நடத்தியதும் உண்டு.

நம் கரைக்கு இது எதற்கு?

நம் கடற்கரையின் வரலாறு உலகெங்கும் சிதறிக் கிடப்பதே காரணம். புன்னைக்காயலில் பணிபுரிந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அதன் பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 1586இல் அச்சான அவரது ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு பற்றி 1914இலும், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி 1922இலும் எழுதியவை சென்னை அரசின் மீன்வள வெளியீடுகளாக வந்தன. 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிய ஆய்வு பற்றிய கட்டுரைகளோ, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆகவே, பாட்டனாரின் தொழிலை அறிய விரும்பும் பேரப்பிள்ளைக்கு இத்தகைய ஏடுகளே துணையாகின்றன.

இவற்றை ஒரு பொதுப் பட்டியலில் சேர்த்துப் பார்க்க நாம் முயன்றோம். முகவரிகளைச் சேர்ப்பது எளிதாகவே இருந்தது, பெயரிடுவதுதான் கடினமாயிற்று. ஒருவர் ‘முத்துக்குளிப்பு’ என்று எழுதுகிறார். மற்றவர் ‘முத்துச் சலாபம்’ என்கிறார். ஆங்கில ஏடுகளில் நம் ஊர் ‘டூட்டிகோரின்’ ஆகிவிடுகிறது. துறைமுகமோ 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. அதற்கு முந்திய ஆவணங்கள் பழைய பெயரிலேயே உள்ளன. ஒரே பொருளுக்கு நான்கு பெயர் வழங்கினால், தேடுபவருக்குக் கால்பங்கே கிடைக்கும்!

இச்சிக்கலுக்கு வழிகாட்டத் தமிழகமே ஒரு பேரறிஞரைத் தந்துள்ளது. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராய் விளங்கிய எஸ். ஆர். அரங்கநாதன், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாகவே 1931இல் வகுத்தார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை அதன் பொருள், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்து நோக்குவது. இதனையே நாமும் கைக்கொள்ளலாம். எப்பக்கத்தைச் சேர்த்தாலும் பொருளுக்கு ஒரு சொல், இடத்திற்கு ஒரு சொல், காலத்திற்கு ஓர் ஆண்டு என இடுவோம். ஹார்னெலின் நூலுக்கு ‘சங்கு’, ‘மன்னார் வளைகுடா’, ‘1914’ என்பன போதும். ஒப்புக்கொண்ட சொற்களை ஒரு தாளில் எழுதி நூலகச் சுவரில் ஒட்டிவிட்டால், எவர் சேர்த்தாலும் பட்டியல் சீராக வளரும்.

இரு எச்சரிக்கைகள்

முதலாவது, பக்கக்குறி நம்முடையது. அதைக் காக்கும் களஞ்சியமோ பிறருடையது. டெலிஷியஸ் 2005இல் யாகூவுக்கு விற்கப்பட்டது. 2011இல் மீண்டும் கைமாறியது. 2017இல் அதை வாங்கிய ‘பின்போர்டு’ புதிய பக்கங்கள் சேர்ப்பதை நிறுத்தியது. ஆராய்ச்சியாளருக்கென 2004இல் தோன்றிய ‘கனோட்டியா’ 2013இல் மூடப்பட்டது. பலர் கட்டுரைகளைச் சேமித்து வந்த ‘பாக்கெட்’ சேவையும் 2025 ஜூலையில் நின்றுபோயிற்று. ஆதலால், பட்டியலைக் கோப்பாக இறக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ள இடந்தரும் சேவையையே தேர்ந்து, திங்களுக்கு ஒருமுறையேனும் அவ்வாறு செய்வது நலம். முக்கியமான முகவரிகளை, தலைப்பும் தேதியும் சேர்த்து, நூலகப் பதிவேட்டில் கையாலும் எழுதி வைக்கலாம். பக்கமே மறைந்து போனால், 1996இல் தொடங்கப்பெற்ற ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் காப்பகத்தில் அதன் பழைய படி கிடைக்கவும் கூடும்.

இரண்டாவது, பொதுப் பட்டியல் தெருத் திண்ணை போன்றது. வீட்டில் ஒருவரின் நோய் குறித்தோ, கடன் குறித்தோ நாம் தேடிச் சேர்த்த பக்கங்களை ஊரார் காணவேண்டியதில்லை. பலரும் பார்க்கலாமா, தாம் மட்டும் பார்க்கலாமா என்று கேட்கும் இடத்தில் பெற்றோர் நிதானித்து விடை தரவேண்டும். குடும்பத்திற்கு ஒன்று, நூலகத்திற்கு ஒன்று எனக் கணக்குகளைப் பிரித்து வைத்துக்கொள்வதே நன்று.

செலவென்று பெரிதாக எதுவுமில்லை. சிற்றூர் நூலகம் ஒன்றிற்கு ஒரு கணினியும், பொறுமையுள்ள இரண்டு இளைஞரும், பழைய தொழிற்சொற்களை அறிந்த ஒரு முதியவரும் போதும். அம்முதியவரின் துணை இன்றியமையாதது; பார்களின் பெயரும் சிப்பிகளின் பெயரும் அவர் நாவிலன்றோ வாழ்கின்றன! அவர் சொல்ல இளைஞர் எழுதினால், அச்சொற்கள் குறிச்சொற்களாக மறுபிறவி எடுக்கும். இனி வரும் தலைமுறை அவற்றைப் பிடித்துக்கொண்டு தேடியதைக் கண்டடையும். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.