படிநிலைகளைக் குறைத்தால் ஆங்கிலம் வருமா?

கலிபோர்னியா மாநிலத்தின் 116 சமுதாயக் கல்லூரிகளில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்காக நடத்தப்படும் கல்விசார் ஆங்கிலப் பாடத்திட்டம், 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்திற்குப் பிறகு அடிப்படையிலேயே மாற்றியமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தரும் நிறுவனமே நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ அது தொழிற்பயிற்சியோடு பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளையும் குறைந்த கட்டணத்தில் கற்பித்து, மாணவரைப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு அனுப்பிவைக்கும் அரசுக் கல்லூரியாகும். அவ்வாறு செல்வதற்குப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்பதால், புலம்பெயர்ந்து வந்த மாணவரின் பட்டக் கனவு பெரும்பாலும் அந்த ஒரே பாடத்தின் வாசலில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

பழைய அமைப்பில் அந்த வாசலை அடைவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. கல்லூரியில் சேர்ந்ததும் நிலைநிர்ணயத் தேர்வு ஒன்று நடத்தப்பட்டு, அதில் பெற்ற மதிப்பெண்ணின்படி மாணவர் நான்கு, ஐந்து அல்லது அதற்கும் மேற்பட்ட நிலைகளுள் ஒன்றில் அமர்த்தப்பட்டார். பல கல்லூரிகளில் ஒவ்வொரு நிலையிலும் இலக்கணம், வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக இருந்தன. இந்த அமைப்பின் குறை எளிய கணக்கிலேயே வெளிப்படுகிறது. ஒவ்வொரு நிலையையும் முடித்து அடுத்த நிலைக்குச் செல்வோர் நூற்றுக்கு எண்பது பேர் என்று தாராளமாகவே கொண்டாலும், ஐந்து நிலைகளைக் கடந்தபின் எஞ்சுவோர் 33 பேர் மட்டுமே. நிலைகளை இரண்டாகக் குறைத்தால் அதே வகுப்பு, அதே ஆசிரியர், அதே தேர்ச்சி விகிதத்தில் 64 பேர் எஞ்சுவர். இடையில் நின்றவர்களுள் பலர் தோற்றவர்கள் அல்லர். வேலை நேரம் மாறியதாலோ, குழந்தை பிறந்ததாலோ, கல்விக்கான கூட்டரசின் பெல் உதவித்தொகைக்கு உள்ள 12 செமஸ்டர் வரம்பு கரைந்துகொண்டிருந்ததாலோ அடுத்த நிலைக்குப் பதிவு செய்யாமல் போனவர்கள்.

இக்கணக்கை விடாமல் வலியுறுத்தியவர்கள் கேட்டி ஹெர்ன், மைரா ஸ்நெல் என்னும் இரு கல்லூரி ஆசிரியர்கள். 2010இல் இவர்கள் தொடங்கிய கலிபோர்னியா துரிதக் கல்வித் திட்டம் மாநிலம் முழுவதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தது. நிலைநிர்ணயத் தேர்வுகள் மாணவரின் பிற்கால வெற்றியைக் கணிப்பதில் பலவீனமானவை என்றும், உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களே மேலான அளவுகோல் என்றும் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. 2017இல் சட்டமன்ற உறுப்பினர் ஜாக்கி இர்வின் கொண்டுவந்து, அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏ.பி. 705 என்னும் சட்டம், பொதுவான மாணவர்கள் ஓராண்டுக்குள்ளும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போர் மூன்றாண்டுக்குள்ளும் அந்த முதலாண்டுக் கட்டுரைப் பாடத்தை முடிக்கும் வாய்ப்பைக் கல்லூரிகள் இயன்றவரை பெருக்க வேண்டும் என்று விதித்தது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். அன்றாடப் பேச்சு மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடும் என்றும், பாடநூல்களின் செறிவான மொழியில் உடன்பயில்வோருக்கு நிகராக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றும் ஜிம் கம்மின்ஸ் என்னும் கல்வியாளர் காட்டியிருக்கிறார். அப்படியிருக்க, மூன்றாண்டு வரம்பு மொழியின் இயல்புக்கே எதிரானது அல்லவா? மறுசீரமைப்பை ஆதரிப்போர் தரும் விடை வலுவானது: அந்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளும் கல்லூரிப் படிப்பிற்கு முன்பே கழிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கல்விசார் மொழி அதற்குரிய நூல்களைப் படித்து, வாதிட்டு, எழுதும்போதுதான் வளர்கிறதே தவிர, கோடிட்ட இடம் நிரப்பும் இலக்கணப் பயிற்சியில் முற்றி முழுமையடைந்து பிறகு வெளியே வருவதில்லை.

ஆகவே புதிய பாடத்திட்டத்தில் தனித்தனிப் பாடங்கள் ஒன்றிணைக்கப்பட்டன. புலம்பெயர்வு, உழைப்பு, உடல்நலம் போன்ற ஒரு பொருளைப் பற்றி மாணவர்கள் முழு நூலையோ நீண்ட கட்டுரைகளையோ படித்து, அவற்றைப் பற்றிக் கலந்துரையாடி, சான்று காட்டி எழுதுகின்றனர். இலக்கணம் அவர்கள் எழுதியதில் காணும் பிழைகளிலிருந்து கற்பிக்கப்படுகிறது. இன்னொரு ஏற்பாடு இணைப்பாடம் ஆகும். மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரியில் 2007இல் பீட்டர் ஆடம்ஸ் முன்னின்று தொடங்கிய இம்முறையில், ஆங்கிலத்தில் பின்தங்கிய மாணவர் முதலாண்டுக் கட்டுரை வகுப்பிலேயே மற்றவர்களோடு அமர்கிறார். அதே ஆசிரியர் நடத்தும் சிறிய துணை வகுப்பில் கூடுதல் நேரமும் பெறுகிறார். முதலில் அமெரிக்க மாணவர்களுக்காகவே உருவான இவ்வமைப்பு பின்னர் இரண்டாம் மொழி மாணவர்களுக்கும் ஏற்றவாறு மாற்றப்பட்டது.

பெரிதும் பேசப்படாத மற்றொரு திருத்தமும் உண்டு. ஓர் அமெரிக்க மாணவர் பிரெஞ்சோ ஸ்பானியமோ கற்றால் அது பட்டத்திற்கான பாட அலகாக, அதாவது கிரெடிட்டாகக் கணக்கிடப்படுகிறது. தாய்மொழியோடு இரண்டாவதாக ஆங்கிலம் கற்கும் குடியேறியின் உழைப்போ நீண்ட காலம் வெறும் முன்தயாரிப்பாகவே கருதப்பட்டது. சில கல்லூரிகள் தங்கள் உயர்நிலை ஆங்கிலப் பாடங்களுக்கு மனிதப்பண்பியல் துறைகளுக்குரிய கிரெடிட்டைப் பல்கலைக்கழகங்களிடம் பெற்றுத் தந்திருப்பது, இம்மறுசீரமைப்பின் பகுதிகளுள் மிகவும் நேர்மையானது.

எனினும் எல்லா மாணவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியிலேயே நான்கு ஆண்டுகள் படித்த குடியேறியின் பிள்ளையை நேரடியாகக் கட்டுரைப் பாடத்தில் சேர்ப்பது பொருத்தமே. போரால் பள்ளிப்படிப்பு அறுந்துபோய், தாய்மொழியில்கூட நீண்ட கட்டுரை எழுதிப் பழகாத அகதிக்கு அதே வேகம் பொருந்தாது. அத்தகையோருக்குக் கலிபோர்னியாவில் கிரெடிட் இல்லாத இலவச வகுப்புகள் உள்ளன. ஆனால் அங்கிருந்து கிரெடிட் பாடங்களுக்கு இட்டுச்செல்லும் ஆலோசகரும் தெளிவான வழியும் இல்லையெனில், அவ்வகுப்புகளே புதிய தேக்கமாக மாறிவிடும். ஆசிரியர்களில் ஒரு சாரார் அஞ்சுவதும் இதைத்தான். நிலைகளைக் குறைத்ததால் மிஞ்சிய ஆசிரியர் நேரத்தைத் துணை வகுப்புகளுக்கும் ஆலோசனைக்கும் திருப்பாமல், வரவுசெலவுக் கணக்கில் மிச்சமாகக் காட்டும் கல்லூரி, செலவைக் குறைத்துக்கொண்டதேயன்றிப் பாடத்திட்டத்தைச் சீரமைத்ததாகாது.