மோட்டாரைத் தெரிந்து கொள்வோம். கடனில் மாட்டாமல் இருப்போம்



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று சேமிப்பு, இன்று தொழில். வத்தல்மலைச் சாமையையும் கேழ்வரகையும் நாமே அரைத்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று பல குழுக்கள் கேட்கிறீர்கள். மெஷினின் உயிர் மோட்டார். அது எரிஞ்சு போச்சுன்னா மெஷின் நிற்கும். கடன் தவணை நிற்காது.

எப்படிச் சுற்றுகிறது?
செம்புக் கம்பிச் சுருளில் கரண்ட் பாய்ந்தால் அது காந்தமாகும். மோட்டாரின் கூட்டுக்குள் உள்ள சுருள்களில் இந்தக் காந்த சக்தி வட்டமாகச் சுற்றி வரும். நடுவில் உள்ள உருளையும் அதன் பின்னாலேயே சுற்றும்.

என்னென்ன வகை?
* சிங்கிள் பேஸ்: வீட்டு லைன் 230 வோல்ட்டில் ஓடும். கிளம்புவதற்குக் கெப்பாசிட்டர் உதவ வேண்டும். உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள், கெப்பாசிட்டர் போயிருக்கலாம்.
* த்ரீ பேஸ்: பெரிய அரவைக்கு ஏற்றது. தானே கிளம்பும். தலைகீழாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் இரண்டு பேஸ் ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகும்.
* கார்பன் பிரஷ்: மிக்ஸியில் இருப்பது. வேகம் அதிகம், பிரஷ் தேயும். நாள் முழுக்க அரைக்க உதவாது.
* ஸ்டெப்பர், சர்வோ: தானே பாக்கெட் போடும் மெஷின்களில் இருக்கும். ஸ்டெப்பர் படிப்படியாக நகரும். பொதுவாக ஒரு சுற்றுக்கு 200 படி. சர்வோ, சரியான இடத்தில் நின்றதா என்று பார்த்துத் திருத்திக் கொள்ளும். அதனால்தான் பாக்கெட்டுகள் ஒரே அளவில் வருகின்றன.

ஏன் எரிகிறது?
கல் சிக்கி நின்ற மோட்டார் வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு வரை கரண்ட் இழுக்கும். சுருள் சூடாகிக் கருகிவிடும். பாரம் ஏற்றிய நேரத்தில் வோல்டேஜ் குறைந்தாலும், த்ரீ பேஸில் ஒரு பேஸ் போனாலும் ஆபத்துதான்.

நாம் செய்ய வேண்டியவை
* ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர், எர்த் இரண்டும் கட்டாயம்.
* தானியத்தில் கல் நீக்குங்கள். மோட்டார் முழு வேகம் எடுத்த பிறகே தானியம் போடுங்கள்.
* பெல்ட்டுக்கு மூடி வேண்டும். முந்தானையைச் செருகி, முடியைக் கட்டிக் கொள்ளுங்கள்.
* நம் ஊர் லைன் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று பார்த்த பிறகே மெஷினுக்குப் பணம் கட்டுங்கள்.
* 2 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 2 யூனிட் ஆகும். இதையும் அரவைக் கூலியில் சேருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். மெஷின் வாங்க முடிவு செய்தால் மோட்டாரின் வகை, ஹெச்.பி., வாரண்டி மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.