குடலை இட்டிலியும் காலக் கணக்கும்

காஞ்சிமாநகரில் வரதராசப் பெருமாள் கோயிற் குடலை இட்டிலியை நம் கல்லூரி அன்பர் பலர் உண்டிருப்பர். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கிற் குடலையில் வார்த்து, ஆவியில் நெடுநேரம் வேகவைப்பர். அதன் சுவையைப் புகழ்வது எம் கருத்தன்று. அரிசி நீரில் இறங்கியது முதல் இட்டிலி இலைக்கு வருமளவும் காலம் எவ்வாறு கழிகின்றது என்பதையே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தோம்.

இவ்விட்டிலியை விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்வோம். கணக்கின்பொருட்டு ஊறல் 3 மணி, அரைப்பு 1 மணி, புளிப்பு 10 மணி, வேக்காடு 3 மணி எனக் கொண்டால், மொத்தம் 17 மணியாகும். ஆளின் கை உழைக்கும் நேரம், வார்ப்பதும் எடுப்பதும் சேர, 2 மணிக்கு மேற்படாது. எஞ்சியதெல்லாம் காத்திருத்தலே. பட்டுச்சேலை நெய்யும் நாள்களை எண்ணுவோரும், பட்டு சாயமேறிக் காய்ந்து பாவோடித் தறியேறும் நாள்களை எண்ணுவதில்லையன்றோ! ஆயின் மாவின் காத்திருத்தல் வீணன்று. நுண்ணுயிர்கள் கரியமிலவாயுவை உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்வது அப்போதுதான். மார்கழிக் குளிரில் அது நீளும். சித்திரை வெப்பத்திற் சுருங்கும். முதலாளியின் அதட்டலுக்கு மட்டும் செவிசாய்க்காது.

இனி, அக்கடைக்காரர் விற்பனை பெருக விரும்பி, கடன்பட்டுப் பெரியதோர் அரைவை இயந்திரம் வாங்குகின்றார் என்க. மாவு மிகுதியாய்க் கிடைக்கும். அவருடைய ஆவிப் பாத்திரமோ 6 குடலையே கொள்ளும். ஓர் ஈடு வேக 3 மணி ஆதலின், மணிக்கு 2 குடலைக்குமேல் வெளிவாரா. மிகுந்த மாவு காத்துநின்று மேலும் புளித்துக் கெடும். வட்டி மட்டும் குறித்த நாளில் வந்துவிடும்.

ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961ஆம் ஆண்டில் இதற்குரிய விதியை நிறுவினார். தொழிலின் இடையே நிற்கும் பண்டங்களின் சராசரித் தொகை, அவை வெளிவரும் வீதத்தை ஒவ்வொன்றும் தங்கும் சராசரிக் காலத்தாற் பெருக்கியதற்குச் சமம் என்பதே அது. மணிக்கு 4 குடலை வேண்டின், 4ஐ 3ஆற் பெருக்க, 12 குடலைக்கு ஆவியில் இடம் வேண்டும். ரொட்டி சுடும் அடுப்புக்கும் இதுவே கணக்கு.

இடம் பெருக்க இயலாதவர் வேகும் காலத்தைக் குறைக்கலாம். வெப்பம் விளிம்பிலிருந்து நடுவை எய்தும் காலம் பருமனின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. விட்டம் பாதியாயின், 3 மணி ஏறத்தாழ 45 நிமிடமாகச் சுருங்கும். இல்லங்களிலே இவ்விட்டிலியைத் தம்ளரில் வார்ப்பதன் நன்மை இதனால் விளங்கும். ஒரு குடலையின் இடத்தில் அத்தகைய 4 சிறு பாத்திரங்கள் அடங்குமாயின், அதே ஆவியில் விற்பனைச் சரக்கு நான்மடங்காகும். ஆனால் நெடுநேரம் வெந்து ஏறும் மந்தாரை மணம் குன்றும். அதனை வாடிக்கைக்காரர் பொறுப்பரா என்பதைக் கடைக்காரரே அறிவார்.

கோயில் மடைப்பள்ளிக்கு இவ்விரைவு வேண்டுவதன்று. நிவேதன வேளையிலிருந்து பின்னோக்கி எண்ணி, அரிசியை உரிய நேரத்தில் ஊறவைத்தாற் போதும்.