கணினி வரைபடங்களில் துளைகளும் புறச்சார்புகளும்

யந்திரம் எதுவாயினும், அதன் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதிலேயே அதன் பயன் அடங்கியுள்ளது. ஒரு பாகத்தில் இடப்படும் துளை பெரும்பாலும் அப்பாகத்தின் தேவைக்காக அன்று. அதன்மீது அமரும் மற்றொரு பாகத்தின் தேவைக்காகவே இடப்படுகிறது. வரைபலகையில் படம் தீட்டிய நாட்களில், இரு தாள்களிலும் அளவுகள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பது வரைவாளரின் கடமையாக இருந்தது. இன்று அக்கடமையில் ஒரு பகுதியைக் கணினி ஏற்றுள்ளது. இதனால் விளையும் நன்மைகளையும் அபாயங்களையும் தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

அளவுரு முறை

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து "ஸ்கெட்ச்பேட்" என்னும் வரைபட முறையை உருவாக்கினார். கோடுகள் இணையாக இருத்தல் வேண்டும், நீளங்கள் சமமாக இருத்தல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை விதித்தால், படம் அவற்றுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது. 1980-களின் பிற்பகுதியில் வெளிவந்த "புரோ எஞ்சினியர்" மென்பொருள், அளவை மாற்றினால் உருவமும் மாறும் முறையை முப்பரிமாண வடிவமைப்பில் பரவச் செய்தது. இவ்வாறு உருவத்தை ஆளும் அளவுக்கு அளவுரு என்று பெயர். ஒரு பாகத்தின் அளவோ வடிவமோ வேறொரு கோப்பிலுள்ள பாகத்திலிருந்து பெறப்படுமாயின், அத்தொடர்பு புறச்சார்பு எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

பம்பும் மின்மோட்டாரும் ஒரே அடித்தகட்டின்மீது அமைந்திருப்பதாகக் கொள்வோம். பன்னாட்டுத் தரநிலையின்படி 112 எம் என்னும் சட்டக அளவுள்ள மோட்டாரின் பாதத்துளைகள் குறுக்கே 190 மி.மீ., நீளவாக்கில் 140 மி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கும். 132 எம் மோட்டாருக்கு இவை முறையே 216 மி.மீ., 178 மி.மீ. ஆகும். தகட்டின் துளைகள் மோட்டாரின் துளைகளைப் பின்பற்றுமாறு வரையப்பட்டிருந்தால், மோட்டாரின் அளவை மாற்றியவுடன் தகட்டிலும் துளைகள் தாமே இடம் பெயரும்.

ஆனால் சுழல்தண்டின் உயரமும் 112 மி.மீ.-இலிருந்து 132 மி.மீ. ஆக உயர்ந்துவிடுகிறது. பம்பின் தண்டை 20 மி.மீ. உயர்த்த வேண்டும் என்பதைத் துளைகளின் தொடர்பு தெரிவிக்காது. ஆகவே, துளை பொருந்தியதைக் கொண்டு யந்திரமே பொருந்திவிட்டதாக முடிவு செய்யலாகாது.

அபாயங்கள்

இதே தகடு வேறொரு பம்பு வகையிலும் உபயோகிக்கப்படலாம். ஒரு வகைக்காக மோட்டாரை மாற்றினால் மற்றதற்குரிய தகடும் சேர்ந்து மாறிவிடும். முன்னரே வெட்டி அடுக்கப்பட்ட தகடுகளுக்கும் புதிய படத்துக்கும் தொடர்பு இராது. கணினி இதைப் பிழையென்று எச்சரிப்பதில்லை; தனக்கிட்ட கட்டளையை அது சரியாகவே நிறைவேற்றியுள்ளது.

கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் தொடர்பு அறுந்து, துளை பழைய இடத்திலேயே நின்றுவிடக்கூடும். அ என்னும் பாகம் ஆ-வையும், ஆ என்னும் பாகம் அ-வையும் சார்ந்திருக்குமாயின், எதை முதலில் கணக்கிடுவது என்பதற்கு முடிவு ஏற்படாது. மேலும், உருவத்தின் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் தானே பெயரிடுகிறது. இடையில் ஒரு வெட்டைச் சேர்த்தால் அப்பெயர்கள் மாறி, துளை தவறான விளிம்பைப் பற்றிக்கொள்வதுண்டு. எவரும் இலவசமாகப் பெறக்கூடிய "ஃப்ரீகேட்" மென்பொருளில், 2024-ஆம் ஆண்டு வெளிவந்த 1.0 பதிப்பு இக்குறையைப் பெருமளவு குறைத்துள்ளது.

மாற்றம் சேரவேண்டிய இடத்தைச் சேராமையால் விளையும் நஷ்டத்துக்கு ஏர்பஸ் ஏ380 விமானம் சான்றாகும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாரான மின்கம்பிக் கட்டுகளைப் பிரான்சின் துலூஸ் நகரில் பொருத்தியபோது சிலவற்றின் நீளம் போதவில்லை. வடிவமைப்பு அலுவலகங்கள் "கேட்டியா" மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளை உபயோகித்து வந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம். இதனால் நீண்ட தாமதம் ஏற்படும் என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

முதலாவது, சார்பு ஒரே திசையில் செல்லுதல் வேண்டும். மைய அச்சுகளும் துளைகளின் இடைத்தூரங்களும் மட்டுமே அடங்கிய ஒரு மூலக்கோப்பை அமைத்து, எல்லாப் பாகங்களும் அதையே பின்பற்றச் செய்யலாம். பாகங்கள் தமக்குள் ஒன்றையொன்று பற்றவேண்டிய தேவை இதனால் நீங்கும்.

இரண்டாவது, தளம், அச்சு போன்ற நிலையானவற்றிலிருந்தே அளவைப் பெறுதல் நலம். உருட்டப்பட்ட விளிம்புகளைப் பற்றலாகாது.

மூன்றாவது, ஒரு பாகத்தைக் கொண்டு மற்றொன்றை நேராகக் குடையும்போது இடைவெளியை மறத்தல் கூடாது. 10 மி.மீ. போல்ட்டின் உருவத்தால் வெட்டினால் துளையும் 10 மி.மீ. ஆகவே அமையும், பட்டறையில் போல்ட் எளிதில் நுழையாது. சாதாரணப் பொருத்தத்துக்கு 11 மி.மீ. துளை வேண்டும்.

நான்காவது, பொருத்தியபின் சேர்த்துத் துளையிடப்படும் டவல் பின் துளைகளைத் தொகுப்பின் கோப்பிலேயே இடுதல் வேண்டும். தனிப்பாகத்தின் படத்தில் அவை தோன்றினால், தொழிலாளி முன்கூட்டியே துளையிட்டுவிடுவார்.

ஐந்தாவது, படத்தைப் பட்டறைக்கு அனுப்புமுன் புறச்சார்புகளைப் பூட்டி, திருத்த எண்ணைக் குறித்தல் வேண்டும். "சாலிட்வொர்க்ஸ்" மென்பொருளில் பாகத்தின் பெயருக்கு அருகே அம்புக்குறி இருந்தால் புறச்சார்பு உண்டென்றும், அதனுடன் நட்சத்திரக்குறி இருந்தால் அது பூட்டப்பட்டதென்றும் அறியலாம். பூட்டியதைப் பின்னர் திறந்து, மாற்றத்தை ஏற்கவும் இயலும்.

வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி

ஆசிரியர்கள் மேற்கூறிய அடித்தகட்டை மாணவர்களைக் கொண்டே வரையச் செய்யலாம். பின்னர் 190-ஐ 216 ஆகவும், 140-ஐ 178 ஆகவும் மாற்றச் சொல்லி, எவை மாறின, எவை மாறவில்லை, எவை மாறியிருத்தல் ஆகாது என்று மூன்று பட்டியல்களை எழுதச் செய்தல் வேண்டும். மூன்றாம் பட்டியலைப் பிழையின்றி எழுதும் மாணவனிடம் பட்டறைக்குச் செல்லும் படத்தை நம்பி ஒப்படைக்கலாம்.